ஆலமரக் குடாவிலிருந்து வலைக் குடாவுக்கு: லாமா தீவில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்

கிளம்பும் முன்பே தம்பி போனில் சொல்லியிருந்தான்: "எக்கா, சக்கரம் வச்ச பெட்டியா கொண்டு வா. இங்க ஆட்டோ கிடையாது, டாக்சி கிடையாது. படகுத்துறையில இருந்து வீட்டுக்கு நடைதான்."

ஹாங்காங்கில் கப்பல் சரக்கு சம்பந்தமான வேலை அவனுக்கு. நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் மூன்று வருடத்துக்கு முன் லாமா தீவுக்குக் குடிபோனான். "தூத்துக்குடியில இருந்து வந்தவன் தீவுக்குப் போகாம எங்க போவான்" என்று அம்மா அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். விசா பெரிய தொல்லையில்லை. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் இந்தியர்களுக்கு 14 நாள் அனுமதி கிடைக்கிறது.

சென்ட்ரல் பகுதியின் 4ஆம் எண் துறையில் படகு ஏறினோம். அரைமணி நேரத்துக்குள் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் பின்னால் போய், பச்சைக் குன்றும் மூன்றடுக்கு வீடுகளுமாக ஒரு ஊர் வந்துவிட்டது. யுங் ஷூ வான். பெயருக்கு ஆலமரக் குடா என்று பொருளாம். இவ்வளவு தூரம் பறந்து வந்து முதலில் மிதித்த மண்ணுக்கு ஆலமரத்தின் பெயர் என்றதும் பாதிக் களைப்பு போய்விட்டது.

ஹாங்காங்கின் தீவுகளில் லாந்தாவ், ஹாங்காங் தீவு இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது பெரிய தீவு இது. சுமார் 14 சதுர கிலோமீட்டர். கார் கிடையாது. சிமெண்ட் போட்ட ஒற்றையடிப் பாதைதான் சாலை. சாமான் ஏற்ற, நம்மூர்க் குட்டியானையில் பாதி அளவுள்ள வண்டிகள் ஓடுகின்றன. ஆம்புலன்ஸும் அதே அளவுதான். வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. மாடிக்கு 700 சதுர அடி, மூன்று மாடிக்கு மேல் கட்டக்கூடாது. 1972-இல் கிராமத்து ஆண்களுக்கு என்று அரசு கொண்டுவந்த வீட்டுத் திட்டத்தின் அளவு அது. பெண்களுக்கு அந்த உரிமை இல்லை என்று தம்பி சொன்னபோது, "அதுல மட்டும் எல்லா ஊரும் ஒண்ணுதான்" என்றேன்.

சாயங்காலம் ஹுங் ஷிங் யே கடற்கரைக்குக் கூட்டிப் போனான். சுத்தமான மணல், வலைபோட்டுத் தடுத்த நீச்சல் பகுதி, ஆளே இல்லை. கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் வானத்தைக் குத்திக்கொண்டு மூன்று புகைபோக்கிகள்! லாமா மின்நிலையம். 1982 முதல் ஓடுகிறது. ஹாங்காங் தீவின் விளக்குகள் எரிவது இங்கே இருந்துதான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தூத்துக்குடியில் கடலைப் பார்த்தால் அனல்மின் நிலையம்; அதிலிருந்து தப்பித்து வந்து இங்கேயும் அதே காட்சி. "இத பாக்கவால இவ்வளவு செலவு பண்ணி வந்தேன்?" என்றேன். "ஊர் ஞாபகம் வரும்போதெல்லாம் நான் இங்க வந்துதான் உக்காருவேன்" என்றான் அவன். அதற்கு மேல் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

அந்த மின்நிலையத்தை ஒட்டிய தாய் வான் கரையில்தான் 1930களில் டேனியல் ஃபின் என்ற ஐரிஷ் ஏசுசபைப் பாதிரியார் மணலைத் தோண்டி, பானை ஓடுகளும் வெண்கல ஆயுதங்களும் எடுத்தார். ஹாங்காங் தொல்லியலுக்கு அவர் ஒரு முன்னோடி. 1990-இல் அதே தாய் வானில் ஒரு கல்லறையிலிருந்து யாஜாங் என்னும் பச்சைக்கல் சடங்குப் பொருள் கிடைத்தது. வட சீன அரசர்கள் காலத்துப் பொருள் இந்தத் தென்கோடித் தீவில் புதைந்திருந்திருக்கிறது. கொற்கைக்குப் பக்கத்து ஊர்க்காரிக்கு இதெல்லாம் கேட்டால் கை பரபரக்கும். ஆனால் தாய் வானில் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. மின்நிலையத்தின் வேலிதான் தெரிகிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று நடை. யுங் ஷூ வானிலிருந்து தீவின் மறுபக்கத்து ஊரான சோக் கூ வான் வரை சுமார் 5 கிலோமீட்டர். குடும்பப் பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். வழி முழுக்க சிமெண்ட், ஏற்றமும் இறக்கமும் மிதமானவை, பாட்டிகளும் கைக்குழந்தைகளும் நடக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் என்று பலகை சொல்கிறது. எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. வழியில் ஒரு கொட்டகையில் டோஃபு இனிப்பு விற்றார்கள். சோயாப் பால் தயிராக உறையும்போதே எடுத்து, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றித் தருகிறார்கள். முதல் கரண்டியில் ருசியே தெரியவில்லை. மூன்றாவது கரண்டியில் இன்னொரு கிண்ணம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் வெயில் உறைக்கவில்லை, வியர்வையும் இல்லை. பாதி வழியில் ஒரு மண்டபம். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் புகைபோக்கிகள், மறுபக்கம் வெறும் கடல். அந்த இடத்தைத் தாண்டியதும் மின்நிலையம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அதன் பிறகுதான் இது தீவு என்றே எனக்குத் தோன்றியது.

சோக் கூ வானுக்கு இறங்கும் இடத்தில், பாதையோரப் பாறையில் ஒரு குகை வாய். 1941 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்து ஹாங்காங் ஜப்பானியர் கைக்குப் போனது. ராஜ்புத், பஞ்சாப் படைப்பிரிவு இந்தியர்களும் அந்தப் போரில் செத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஊர்க்காரர்கள் 'மூன்று வருடம் எட்டு மாதம்' என்று மட்டும் சொல்வார்களாம். அந்தக் காலத்தின் கடைசியில் தோண்டியவை இந்தக் குகைகள். வெடிமருந்து ஏற்றிய சின்ன விசைப்படகுகளை உள்ளே மறைத்து வைத்து, எதிரிக் கப்பல் வந்தால் ஆளோடு போய் மோதுவது திட்டம். 1945 ஆகஸ்ட் 30 அன்று ஹார்கோர்ட் தலைமையில் பிரிட்டிஷ் கப்பல்கள் திரும்பி வந்தபோது ஜப்பான் ஏற்கெனவே பணிந்துவிட்டிருந்தது. ஆனாலும் இந்தக் குடாவிலிருந்து படகுகள் அசைவதைப் பார்த்து, விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் வந்து தாக்கின. ஆங்கிலேயர் இதே குடாவுக்கு வைத்திருந்த பெயர் பிக்னிக் குடா.

செல்போன் விளக்கோடு உள்ளே போனேன். ஈரம், மண்வாசனை, கரடுமுரடான சுவர். உளித்தடம் பட்ட இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். தோண்டியவர்கள் யார் என்று எங்கும் எழுதியில்லை. சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

இனி சாப்பாடு. சோக் கூ வான் என்றால் வலைக் குடா. ஊரே ஒரு தெருதான். தெருவின் ஒரு பக்கம் கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் கடல் உணவுக் கடைகள், மறுபக்கம் தொட்டிகள். தொட்டி தொட்டியாக உயிரோடு களவா, கொடுவா, சிங்கி இறால், நண்டு, சங்கு, சவரக்கத்தி மாதிரி நீளமான மட்டி. தொட்டிக்குத் தொட்டி நின்று நான் மீன் பெயர் சொல்ல, கடைக்காரம்மா அவர்கள் பாஷையில் பெயர் சொல்ல, பத்து நிமிஷம் பாடம் நடந்தது. ஊசிக்கணவாய்க்கும் ஓட்டுக்கணவாய்க்கும் வித்தியாசம் தெரிந்தவள் என்று கண்டுகொண்டதும் அந்த அம்மா என் கையில் ஒரு தட்டுக் கொடுத்து, நீயே எடு என்று சைகை காட்டினாள்.

அங்கேதான் மாட்டினேன். பூரானையும் இறாலையும் சேர்த்துச் செய்த மாதிரி கை நீளத்துக்கு ஒரு பிராணி. ஆங்கிலத்தில் மேன்டிஸ் இறால் என்பார்கள். நம்மூரில் அது விரல் நீளத்துக்கு மேல் நான் பார்த்ததில்லை. வலையில் வந்தால் கருவாட்டுக் குப்பையோடு போகும். இங்கே அதற்குத் தனித் தொட்டி! பலகையில் விலை நியாயமாகத்தான் தெரிந்தது. நாலு எடுத்துவிட்டேன். தம்பி அப்போது அலுவலகப் போனில் இருந்தான். பில் வந்ததும் அவன் முகம் மாறியது. இங்கே மீன் எடைக்கு 'காட்டி' என்ற அளவுதான் கணக்கு. ஒரு காட்டி சுமார் 600 கிராம். அதற்குள் 16 டேல். நான் காட்டிக்கு என்று நினைத்த விலை டேலுக்குப் போட்டது. பலகையில் எழுதித்தான் இருந்தது, எனக்குத்தான் அந்த எழுத்துத் தெரியவில்லை. கடையின் பெயர் வேண்டாம். நீங்கள் போனால் தொட்டியில் கை வைக்கும் முன், எடை போட்டு மொத்த விலையைத் தாளில் எழுதித் தரச் சொல்லிவிடுங்கள். மேசையில் தானாக வந்து உட்காரும் வேர்க்கடலைக்கும் தேநீருக்கும் காசு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ருசி? உப்பும் மிளகும் பூண்டும் போட்டு வறுத்த அந்தப் பூரான் இறால், கொடுத்த காசுக்கு அழுத கண்ணீரைத் துடைத்துவிட்டது. ஸ்காலப் சிப்பியை ஓட்டோடு, பூண்டும் கண்ணாடிச் சேமியாவும் வைத்து அவித்திருந்தார்கள். அப்புறம் களவா. முழுசாக ஆவியில் அவித்து, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் சன்னமாக நறுக்கிப் போட்டு, சுடச்சுட எண்ணெய் ஊற்றி, சோயாச் சாற்றைச் சுற்றிலும் விட்டிருந்தார்கள். புளியில்லை, மிளகாயில்லை. மீன் புதிது என்ற தைரியம் இருந்தால்தான் இப்படிச் சமைக்க முடியும். நம்மூரில் புது மீனையும் பழைய மீனையும் ஒரே குழம்பில் மூழ்கடிக்கிறோம் என்று முதல்முறையாகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

ஒரு பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டப் போனேன். தம்பி கையைப் பிடித்தான். மீனைக் கவிழ்த்தால் படகு கவிழும் என்று மீனவக் குடும்பங்களில் நம்பிக்கையாம். நடு முள்ளை எடுத்துவிட்டு அடிச் சதையை அப்படியே சாப்பிட வேண்டும். அந்த ஊரின் மீது எனக்கு அன்பு வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

சாப்பாட்டுக்குப் பின் தின் ஹாவ் கோயில். கடலோடிகளைக் காக்கும் தாய். ஃபூஜியன் கரையில் 10ஆம் நூற்றாண்டில் பிறந்த லின் குடும்பத்துப் பெண், புயலில் சிக்கிய மீனவர்களைக் காப்பாற்றித் தெய்வமானாள் என்பது கதை. உள்ளே ஊதுபத்தி மணம், சிவப்பு விளக்குகள். ஓரமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் 2001-இல் இந்தக் கடலில் கிடைத்த துடுப்பு மீன். மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வெள்ளி நாடா மாதிரி இருக்கிறது. பெரிய மீன் கிடைத்தால் தாய்க்குக் கொண்டுவந்து வைப்பது எங்களுக்குப் புரியாத விஷயமா? ஆகஸ்ட் 5 பனிமய மாதா கோயில் திருவிழாவில் நின்றவர்களுக்கு எந்தக் கரையிலும் இந்தக் கோயில் புரியும்.

ஒரு கேள்வி மட்டும் திரும்பும் வழியெல்லாம் கூடவே வந்தது. இவ்வளவு மீன் பார்த்தேன். மீன் பிடிக்கிற ஒரு ஆளைக்கூடப் பார்க்கவில்லையே?

மூன்றாம் நாள், சனி

மலை. ஷான் தேய் டோங், ஆங்கிலப் பெயர் ஸ்டென்ஹவுஸ். உயரம் 353 மீட்டர்தான், கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் ஏறினேன். நேற்றைய சிமெண்ட் பாதையை மறந்துவிடுங்கள். மழை அரித்த செம்மண் சரிவு, காலடியில் உருளும் சரளை, ஆள் உயரப் புல், அதற்கு மேல் பாறைக்குப் பாறை தாவல். படி கிடையாது, நிழல் கிடையாது. சில இடங்களில் கையும் காலும் சேர்த்து ஏறினேன். நாற்பத்தாறு வயதில் இந்தக் கோலத்தை யாரும் படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள காலணி. இது இரண்டும் இல்லாமல் போகாதீர்கள். ஈரமாக இருந்தால் போகவே வேண்டாம்.

உச்சியில் காற்று காதை அடைத்தது. கிழக்கே ஹாங்காங் தீவின் தென்கரை, மேற்கே செயுங் சாவ், அதற்குப் பின்னால் லாந்தாவ் மலைகள், தெற்கே சீனாவின் தீவுகள் வரிசையாக. கீழே கிழக்கு லாமா கால்வாயில் கொள்கலன் கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன. தம்பி ஒவ்வொன்றுக்கும் எங்கே போகும், என்ன ஏற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். சோக் கூ வான் குடாவில் கட்டம் கட்டமாக மிதவைகள் தெரிந்தன. மீன் வளர்க்கும் தெப்பங்கள். என் கேள்விக்குப் பாதி பதில் அங்கே மிதந்துகொண்டிருந்தது.

மீதியைத் தம்பி சொன்னான். 2012 டிசம்பர் 31 முதல் ஹாங்காங் கடல் எல்லைக்குள், விசைப்படகு இழுத்துப் போகும் இழுவை மடி வலைக்கு அறவே தடை. விசைப்படகுக்காரர்களுக்கு இழப்பீடு கொடுத்து நிறுத்திவிட்டார்கள். இந்நகரம் சாப்பிடும் கடல் உணவில் பெரும்பங்கு வெளியூரிலிருந்து வருகிறது. அப்படியென்றால் நான் நேற்றுத் தின்றது எந்தக் கடல்? தூத்துக்குடியில் வருடத்துக்கு 61 நாள் தடைக்காலம் வந்தாலே எங்கள் தெருவில் அடுப்பு மாறும். நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் நடக்கும் சண்டையைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரேயடியாக நிறுத்திய இடத்தைப் பார்ப்பது இதுவே முதல்முறை. கடலுக்கு நல்லதுதான் என்று தோன்றுகிறது. அந்தப் படகுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்றும் தோன்றுகிறது.

இறங்கும்போது முழங்கால் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ராத்திரி வீட்டில் கஞ்சியும் ஊறுகாயும்.

நான்காம் நாள், ஞாயிறு

மூட்டு வலியோடு கடைசி நடை. ஞாயிற்றுக்கிழமை படகில் கட்டணமும் கூட்டமும் இரண்டும் அதிகம். சோக் கூ வான் தெருவில் நகரத்திலிருந்து வந்தவர்கள் நிரம்பி வழிந்தார்கள். நல்லவேளை, நாங்கள் கிழக்கே திரும்பினோம். மோ டாட் வான், அதற்கப்பால் ஷெக் பாய் வான், துங் ஓ. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் சின்ன ஊர்கள். 1955-இல் இந்தத் தீவில் பிறந்த நடிகர் சௌ யுன் ஃபாட் சிறுவயதில் வளர்ந்தது துங் ஓவில்தான்.

அங்கிருந்து இறங்கினால் ஷாம் வான். எனக்கு இந்தத் தீவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிறை வடிவில் சின்ன மணற்கரை, மூன்று பக்கமும் குன்று. 1970களில் இந்த மணலைத் தோண்டியவர்கள் அடுக்கடுக்காக மனிதத் தடங்களைக் கண்டார்கள். அடியில் இருந்தது சுமார் 6000 ஆண்டுக்கு முந்தைய புதிய கற்கால அடுக்கு. அவர்களும் இங்கே உட்கார்ந்து மீன்தான் தின்றிருப்பார்கள்.

இதே மணலில் பச்சை ஆமைகள் முட்டையிட வந்துகொண்டிருந்தன. அதற்காக ஏப்ரல் முதல் அக்டோபர் வரை யாரும் கால் வைக்கக்கூடாது. நாங்கள் வந்தது நவம்பர் என்பதால் இறங்க முடிந்தது. ஆனால் ஆமை கடைசியாக முட்டையிட்டதாகப் பதிவானது 2012-இல். பதின்மூன்று வருடமாக மனிதர்கள் விலகி நின்று காத்திருக்கிறார்கள், ஆமை வரவில்லை.

அதே 2012 ஜூலையில் ஒரு புயலில் கப்பலிலிருந்து கொள்கலன்கள் கடலில் விழுந்து, 150 டன் பிளாஸ்டிக் குருணை சிதறியது. இந்தக் கரையில் பனி பெய்த மாதிரி வெள்ளையாகக் கிடந்ததாம். ஜனங்கள் சல்லடையோடு வந்து அள்ளியிருக்கிறார்கள். தம்பி படத்தைக் காட்டினான். எனக்குப் புதிதாக இல்லை. 2025 மே மாதம் கொச்சிப் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு கன்னியாகுமரிக் கரையிலும் தனுஷ்கோடியிலும் ஒதுங்கிய அதே குருணை. அங்கேயும் ஆட்கள் சல்லடைதான் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

2012 என்ற வருடத்தை இந்தத் தீவு மறக்காது போலிருக்கிறது. அந்த அக்டோபர் 1 இரவு, தேசிய தின வாணவேடிக்கை பார்க்கக் கிளம்பிய படகு யுங் ஷூ வானுக்கு அருகே இன்னொரு படகோடு மோதி 39 பேர் இறந்தார்கள். தம்பி தினமும் வேலைக்குப் போவது அந்தக் கடல்வழியில்தான். இதை அம்மாவுக்கு அவன் இதுவரை சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன்.

திரும்பி வரும்போது யுங் ஷூ வான் தெருவில் ஒரு பாட்டி கடையில் நின்றேன். கருவாடு, உலர்ந்த சிப்பி, அப்புறம் செங்கல் மாதிரி ஊதா நிறத்தில் ஒரு கட்டி. மூடியைத் திறந்ததும் தம்பி நாலடி பின்னால் போனான். இறால் விழுது. கூனி இறாலை உப்புப் போட்டு அரைத்து, வெயிலில் காயவைத்துப் புளிக்கவிட்டுச் செய்வது. அது வேறொன்றுமில்லை, நம்ம சென்னாக்கூனி! இழுவை மடித் தடைக்குப் பிறகு தாய் ஓ என்ற மீனவ ஊரில் இந்த விழுது செய்பவர்கள் கூனிக்குச் சீனப் பக்கத்தை நம்பியிருக்கிறார்களாம். இந்தக் கட்டியின் கூனி எந்தக் கடலது என்று பாட்டியைக் கேட்கச் சொன்னேன். தம்பி கேட்டான். பாட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"என்னல சொல்லுது?"

"கீரையில போட்டு வதக்கு, சோத்துக்கு நல்லாருக்கும்ங்குது."

இரண்டு கட்டி வாங்கினேன். அம்மாவுக்கு வீடியோ போனில் காட்டினோம். "கூனிய அழுகவிட்டுக் காசுக்கு விக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா சுத்தி எடுத்துட்டு வா, துணியில வாடை ஏறிரும்" என்றாள். நாலு பிளாஸ்டிக் பை, மேலே ஒரு துண்டு, அதற்கு மேல் என் பழைய சேலை. கடைசிப் படகில் பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், எழுந்து போகவில்லை. இந்த ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.